பெண்ணியத்தில் அரியர்

எம்.ஏ.வில் எல்லாப் பாடங்களிலும் நான் பாஸ். ஒன்றில் மட்டும் அரியர். அந்த ஒன்று பெண்ணியம்.

பாடத்தின் முழுப் பெயர் 'பெண்ணியக் கோட்பாடுகளும் பெண்கள் இயக்கமும்: வரலாற்று வளர்ச்சி'. அஞ்சல் வழியில் மகளிரியல் படிக்கிறவள் போயும் போயும் அதில் அரியர் வைத்தால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். கம்பெனியில் எங்கள் லைனில் சிரித்தார்கள். தூத்துக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து அம்மா போனிலேயே சிரித்தாள். ஆனால் நான் எழுதித் தோற்கவில்லை, எழுதவே போகவில்லை. முதல் தடவை பரீட்சையன்று நாத்தனாருக்கு வளைகாப்பு. ஒரே அண்ணி, நான் இல்லாமல் எப்படி? பெண்கள் வாக்குரிமைக்குப் போராடியதைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்க வேண்டிய நேரத்தில் கலவைச் சாதத்துக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தடவை மகளுக்குக் காய்ச்சல். கல்லூரி வாசல் வரை போய்விட்டு, போன் வந்ததும் அப்படியே திரும்பினேன்.

மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதையும் விட்டால் பதிவு காலாவதியாகிவிடும். பாஸான பாடங்களையும் சேர்த்து முதலிலிருந்து எழுத வேண்டும். நான் வேலை பார்ப்பது ஸ்ரீபெரும்புதூர் பக்கம், போனுக்கு உள்ளே போகிற பாகங்களைப் பொருத்தும் கம்பெனியில். ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டேதான் வேலை. எங்கள் தொழிலாளர் நலப் பிரிவில் ஒரு இடம் காலியாகப் போகிறது, படிப்பை முடித்தால் உன் பெயரைச் சொல்கிறேன் என்று அங்கிருந்த மேடம் சொல்லியிருந்தார். அந்த அறையை நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். மேசை இருந்தது, மின்விசிறி இருந்தது, எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒரு நாற்காலி இருந்தது. மற்றவர்கள் எதற்காகப் படிக்கிறார்களோ தெரியாது, நான் அந்த நாற்காலிக்காகத்தான் படித்தேன்.

படிக்க நேரம்? அங்கேதான் என் வீட்டுக்காரர் வருகிறார். அவர் குன்றத்தூர்க்காரர். ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். காதல் கல்யாணம். அதனால் அவரைப் பற்றி யாரிடமும் புகார் சொல்ல எனக்கு வாயில்லை. நான் அடுப்படியில் நிற்கும்போது கையில் புத்தகம் பிடிக்க முடியாது. அவர் அடுப்படியில் நின்றால் அன்றைக்கு யாரும் சாப்பிட முடியாது. ஆகவே நான் சமைப்பது, அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாடத்தைச் சத்தமாக வாசிப்பது என்று ஏற்பாடு. யோசனை அவருடையதுதான். தங்கமான மனுஷன் என்று அப்போது நினைத்தேன்.

அவர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் மைக் பிடித்து, கூழ் ஊற்றுகிறோம் வாங்க என்று ஊரைக் கூட்டுகிறவர் அவர்தான். அதே குரல்தான் பெண்ணியத்துக்கும். 'முதல் அலையில் பெண்கள் கல்வி, சொத்துரிமை, வாக்குரிமை ஆகியவற்றைக் கோரினர்' என்று அவர் வாசித்தால், தாய்மார்கள் சொம்போடு வரிசையில் வந்து வாங்கிக்கொண்டு போகலாம் போலிருக்கும்.

கீழ்வீட்டில் ஹவுஸ் ஓனரம்மா. கணவர் போய்ச் சில வருஷமாகிறது. தனியாக இருக்கிறவர். சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே இந்த வாசிப்பைக் கேட்பார். என்னைவிடக் கவனமாகக் கேட்டார் என்றே சொல்வேன்.

"ஓட்டு குட்த்தாங்க, சரி," என்று ஒருநாள் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "எங்க வூட்டுக்காரரு, இருந்த வரைக்கும், இதுக்குத்தான் போடணும்னு சொல்லித்தான் இட்டுனு போவாரு."

"நீங்க என்னம்மா செய்விய?" என்று கேட்டேன்.

"தலைய ஆட்டிக்கினே போவேன். உள்ள போயி என் இஷ்டத்துக்குக் குத்திட்டு வந்துருவேன். அந்தாளுக்குக் கட்சி வரைக்கும் தெரியாது."

இதை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இரண்டாம் அலை வந்தபோது என் வீட்டுக்காரர் கொஞ்சம் தடுமாறினார். ஓட்டுரிமை, சொத்துரிமை எல்லாம் கோர்ட்டில், சபையில் நடக்கிற விஷயம். இரண்டாம் அலைக்காரிகள் நேராக வீட்டுக்குள் வந்துவிட்டார்கள். படுக்கையறைக்கும் அடுக்களைக்கும் வந்து, இங்கே நடப்பதும் அதிகாரம்தான், இதுவும் அரசியல்தான் என்றார்கள். அவர் வாசித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இன்னாடி இது, புருஷன் பொண்டாட்டி சண்டையக்கூட அரசியலுன்றாங்க?"

"ஆமா. யாரு காப்பி போடுதா, யாரு குடிக்கான்றது அரசியல்."

"அப்டி பாத்தா நீதான் ஆளுங்கட்சி. கிச்சன் மொத்தம் உன் கைலதான கீது?"

ஆளுங்கட்சி அன்றைக்கு வெங்காயம் உரித்து அழுதுகொண்டிருந்தது.

ஆனால் மனுஷன் மட்டி இல்லை. நான் ஒரு அத்தியாயம் முழுக்கப் படித்துத் தெரிந்துகொண்டதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். "இதுல இன்னா கஷ்டம்? ஏ ஷிஃப்ட்ல ஓட்டு கேட்டாங்க. பி ஷிஃப்ட்ல வூட்டு வேல, சம சம்பளம், எங்க ஒடம்பு எங்க இஷ்டம்னு கேட்டாங்க. சி ஷிஃப்ட்டுக்கு வந்தவங்க, 'பெண்ணு பெண்ணுன்றியே, எந்தப் பெண்ணு? கூலிக்காரியா, மொதலாளியம்மாவா, எந்த சாதி, எந்த நெறம்'னு கேட்டாங்க. அவ்ளோதான். கரீட்டா?" கரெக்ட்தான். என் ஒரே பயம், பரீட்சையில் கை தவறி 'ஏ ஷிஃப்ட் பெண்ணியம்' என்று எழுதிவிடுவேனோ என்பது.

நம் பக்கத்து வரலாறும் பாடத்தில் இருந்தது. விதவைகளுக்கு மறுமணம், குழந்தைக் கல்யாணத்துக்குத் தடை, தாலியில்லாமல் நடந்த திருமணங்கள், ஊர் ஊராக எழுந்த மாதர் சங்கங்கள், சாராயக் கடைக்கு எதிராகப் பெண்கள் தெருவில் உட்கார்ந்தது. இதையெல்லாம் வாசிக்கும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். பிறந்த வீட்டுச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று சட்டம் வந்த பக்கத்தை மட்டும் மைக் இல்லாமல், மெதுவாக வாசித்தார். குன்றத்தூரில் அவர் அப்பா பெயரில் ஒரு மனை இருக்கிறது. வளைகாப்பு நடந்த தங்கையும் இருக்கிறாள்.

கம்பெனி பஸ்ஸில் அவர் பெரிய ஆளாகிவிட்டார். பஸ்ஸில் வருகிற பெண்களிடம் அலை அலையாக விளக்குவாராம். 'பெண்ணியம் அண்ணன்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். தெருவில் என்னைப் பார்க்கிறவர்கள், "இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். பொண்டாட்டிய எம்.ஏ. படிக்க வைக்கிறாரே!" என்பார்கள். ராத்திரியும் பகலுமாகப் படிக்கிறவள் நான், பெயர் மட்டும் படிக்க வைக்கிறவருக்கு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காட்டிக்கொள்ள மாட்டேன். ஒருநாள் 'வீட்டில் பெண் செய்யும் உழைப்புக்குக் கூலியும் இல்லை, அது உழைப்பாகக் கணக்கில் வருவதும் இல்லை' என்று அவர் உருக்கமாக வாசித்துக்கொண்டே, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், காலி டம்ளரை என் பக்கம் நீட்டினார். நானும் பேசாமல் காப்பியை ஊற்றினேன். படிக்கட்டில் ஹவுஸ் ஓனரம்மா கீரைக்கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர், "இன்னா சிரிப்பு?" என்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

எங்கள் குடும்பம் ஓடுவதே ஹேண்டோவரில்தான். தொழிற்சாலை லைனில் ஒரு விதி உண்டு. ஷிஃப்ட் முடிந்துவிட்டது என்று யாரும் மெஷினை விட்டு அப்படியே போய்விட முடியாது. அடுத்து நிற்க வேண்டிய ஆள், அதாவது ரிலீவர், வந்து நிற்க வேண்டும். மெஷின் எப்படி இருக்கிறது, எந்தப் பாகம் குறைகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் நகரலாம், அதுதான் ஹேண்டோவர். ரிலீவர் வராவிட்டால் ஓ.டி., அடுத்த ஷிஃப்ட்டிலும் நாமே நிற்க வேண்டும். நாங்கள் அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டோம். அவர் ஒரு ஷிஃப்ட், நான் வேறு ஷிஃப்ட் என்று கேட்டு வாங்கிக்கொண்டோம். குன்றத்தூர் பஸ் ஸ்டாப்பில் ஒருவர் இறங்க, ஒருவர் ஏற, நடுவில் மகள் கைமாறுவாள். "பால் குடிச்சாச்சு, இட்லி பாதி பாக்கி, கேஸ் ஆஃப், மூக்கு ஒழுகுது" என்று சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். மற்ற கம்பெனி யூனிஃபார்மில் நிற்கிறவர்கள் எல்லாம் வேடிக்கை பார்ப்பார்கள்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவருக்குச் சனிக்கிழமை சி ஷிஃப்ட், ராத்திரி வேலை. கிளம்பும்போது, "காலைல மொத பஸ்ல வந்துர்றேன். பாப்பாவ என்கிட்ட குட்த்துட்டு நீ ஜாலியா போ. ரெண்டாவது அலைய மட்டும் இன்னொரு தபா பாத்துக்க," என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

காலையில் மகளையும் அவள் துணிப்பையையும் தூக்கிக்கொண்டு, ஹால் டிக்கெட்டும் பேனாவும் என் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பஸ் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். அவர் இறங்கவில்லை. தூக்கக் கலக்கத்தில் உள்ளே இருக்கிறாரோ என்று படியேறி எட்டிப் பார்த்தேன். அவரோடு வேலை செய்கிற ஒருவர், "அண்ணன் ஓ.டி.க்கா. ரிலீவர் வர்ல. மதியம் ஆவும்," என்றார். போன் போட்டுப் பிரயோஜனமில்லை. ஷாப் ஃப்ளோருக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், லாக்கரில் கிடக்கும்.

வீட்டுக்குத் திரும்பி ஓடினேன். ஹவுஸ் ஓனரம்மா வெள்ளைப் புடவையில், பைபிளும் கையுமாக கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும், "அய்ய, அதுக்கு ஏன் மூஞ்ச இப்டி வச்சிகினு கீற? கொண்டா புள்ளய. நான் இன்னிக்கு சர்ச்சுக்குப் போவல," என்று கையை நீட்டினார். நீட்டினாரே தவிர முகம் விழுந்துவிட்டது. அந்த வாரம் சபையில் வேதபாடம் வாசிக்க முதல் முறையாக அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். வாரம் முழுக்க எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து வாசித்துப் பழகியிருந்தார்.

குழந்தையைக் கொடுத்திருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். புத்தி அதைத்தான் சொன்னது. ஆனால் எனக்கு வயிறெரிந்தது. அவருக்கு ரிலீவர் வராததற்கு நான் நிற்க வேண்டும். நான் நிற்க முடியாவிட்டால் இந்த அம்மா நிற்க வேண்டும். ஆம்பிளை ஒருத்தர் ஓ.டி. பார்ப்பதற்கு எத்தனை பொம்பிளைகள் வரிசையாக வேலையை விட்டு நிற்பது?

"நீங்க போங்கம்மா. போயி நல்லா சத்தமா வாசிங்க," என்றேன். தெருமுனையில் ஆட்டோ நின்றது. "ஒரகடம் போகணும். அங்கேருந்து ஸ்ரீபெரும்புதூர் காலேஜ்."

"ரெண்டும் ஒரே வழி இல்லியேம்மா. சுத்துமே."

"சுத்தட்டும்."

வழியெல்லாம் கார் ஏற்றிய டிரெய்லர்கள் ஓரமாக நின்றன. மகள் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினாள். கோபத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேனே, பரீட்சை போய்விட்டால் நாற்காலியும் போயிற்றே, நான் என்ன பைத்தியமா என்று என்னையே திட்டிக்கொண்டேன். திரும்பச் சொல்லலாமா என்று வாயெடுப்பதற்குள் கம்பெனி கேட் வந்துவிட்டது.

கேட்டில் இருந்தது ஒரு செக்யூரிட்டி அக்கா. குழந்தையை உள்ளே விட முடியாது என்றார். "நான் உள்ள வரல்லக்கா. அவர வெளிய கூப்பிடுங்க. ஹேண்டோவர் பண்ணணும்," என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு இன்டர்காமை எடுத்தார்.

ஹெல்மெட்டும் காது அடைப்பானுமாக அவர் ஓடி வந்தார். வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருந்தார் போல. எங்களை முழுசாகப் பார்த்ததும்தான் மூச்சு விட்டார்.

"இன்னாடி, இங்க எதுக்கு வந்த?"

"பரீட்சை."

"ரிலீவர் வர்லடி. லைன்ல ஆள் இல்ல. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு. ஒரு நாளுதான், அட்ஜஸ்ட் பண்ணிக்க. அடுத்த தபா எழுதிக்கலாம்."

"அடுத்த தபா கிடையாது. உனக்குத் தெரியும்லா?"

கல்யாணமாகி அன்றுவரை அவரை நான் 'நீ' என்று சொன்னதில்லை. எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது. கேட்டுக்குக் குறுக்கே தரையில் மஞ்சள் கோடு போட்டிருக்கும். மகளையும் அவள் பையையும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம், அவர் சேஃப்டி ஷூவுக்குப் பக்கத்தில் இறக்கி விட்டேன்.

"பால் குடிச்சாச்சு. இட்லி மூணு வாய்தான் தின்னா. இருமல் மருந்து அவ பையில இருக்கு. அழுதா தோள்ல போட்டு நடக்கணும். உக்காந்தா விடமாட்டா," என்றேன். "எனக்கும் ரிலீவர் வரல்ல. நான் ஓ.டி. பாக்க மாட்டேன்."

திரும்பி நடந்தேன். மகள் "ம்மா" என்று வீரிட்டாள். திரும்பிப் பார்த்தால் போய்த் தூக்கிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். பின்னால் அவர் செக்யூரிட்டி அக்காவிடம், "அக்கா, கொஞ்சம் புடிங்களேன், நான் உள்ள போயி..." என்று கெஞ்சுவது கேட்டது.

"நான் இந்த கேட்டை மட்டும்தாம்பா பாப்பேன்," என்றார் அக்கா.

பரீட்சைக் கூடத்துக்குள் கடைசி ஆளாக நுழைந்தேன். மேற்பார்வையாளர் கடிகாரத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, போய்த் தொலை என்பதுபோல் கையைக் காட்டினார். கேள்வித்தாளை விரித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாமே தெரிந்த கேள்விகள். எழுத எழுத மண்டைக்குள் அவர் குரல்தான், கூழ் ஊற்றக் கூப்பிடுகிற அதே குரல், நடுநடுவே குக்கர் விசில். குக்கர் அடித்த இடத்தில் அவர் வாசித்தது கேட்காமல் போன வரிகள் மட்டும் எனக்கு வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது. 'ஏ ஷிஃப்ட்' என்று ஒரு இடத்தில் எழுதி, அடித்துவிட்டு 'முதல் அலை' என்று திருத்தினேன். கடைசிக் கேள்வி வீட்டு உழைப்பைப் பற்றி. தற்கால உதாரணத்துடன் விளக்குக என்று கேட்டிருந்தார்கள். காலையில் நடந்ததை அப்படியே எழுதி வைத்தேன். பாஸாகிவிட்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதை நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

வெளியே வந்தால் கல்லூரி வாசலில், புங்க மரத்தடியில் அவர் நடந்துகொண்டிருந்தார். யூனிஃபார்ம் மாற்றவில்லை. ராத்திரி முழுக்க விழித்த கண், கோவைப்பழமாக. தோளில் மகள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறாள் என்று நடந்துகொண்டே இருந்தாராம்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். ஓ.டி. என்னாச்சு?"

"சூப்பர்வைசரண்ட கேட்டேன். புள்ள வெளிய நிக்கிது சார், நான் போவணும்னு. பக்கத்து லைன்லேர்ந்து ஒர்த்தர உடனே அனுப்ச்சிட்டாரு."

"உடனேயா?"

"உடனே."

"அப்ப இத ராத்திரி ஷிஃப்ட் முடியும்போதே கேட்டிருக்கலாம்லா?"

"அவருதான் மொதல்ல கேட்டாரு. ஓ.டி. பாக்குறியா, வூட்ல புள்ளயப் பாத்துக்க ஆள் கீதான்னு. கீது சார்னு சொல்ட்டேன். யோசிக்கவே இல்லடி. பட்டுனு வாய்ல வந்துச்சு."

பரீட்சை அன்று, அதுவும் ராத்திரி கிளம்பும்போதுகூட அவரே ஞாபகப்படுத்திய பரீட்சை அன்று. எனக்கு அழுகை வந்தது, அதற்கு மேலே கோபமும் வந்தது. இரண்டில் எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் மகளுக்காகக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. "வுடு, முழிச்சிக்கும்," என்று தோளை மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். பிள்ளையும் இல்லாமல், தூக்குவாளியும் இல்லாமல் இரண்டு கையையும் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சும்மா தொங்கவிட்டுக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

"கடைசிக் கேள்விக்கு உங்களத்தான் உதாரணமா எழுதியிருக்கேன்," என்றேன். "பேரு போடல."

கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் பஸ் நிறுத்தம் வரை முன்னாலேயே நடந்து போய் நின்றார். பிறகு, ஊரைக் கூட்டுகிற அந்தக் குரலில் பாதிகூட இல்லாமல் சொன்னார்:

"அத்தினி தபா சத்தமா படிச்சனே. நம்ம வூட்டதான் சொல்றாங்கன்னு எனக்குத் தோணவே இல்லடி."